பேனாக்கத்தியில் இல்லாத பெயர்

நேரலையில் ஒரு கத்தியைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். இங்கே அதைச் சொல்லால்தான் காட்ட வேண்டும். மடக்கினால் விரல் நீளம். கொம்புப் பிடி, கறுத்துப்போன இரண்டு அலகுகள். பெரிய அலகு பிடியோடு சேரும் இடத்தில் ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டா சிலுவையும். ஷெஃபீல்ட் நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை அது. சிட்னியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். சிலுவையைப் பார்த்துத்தான் முதலில் கையில் எடுத்தேன், மறைப்பானேன்.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் இதற்குப் பேனாக்கத்தி என்று பெயர். இங்குள்ள யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வில்லுக்கத்தி என்கிறார். அப்பா அதில் பென்சில் சீவுவார், மாம்பழம் நறுக்குவார். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று சின்ன வயதில் நான் யோசித்ததில்லை. இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த கத்தி அது. இறகு போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பழைய கத்தி சேர்ப்பவர்கள் அலகைவிட முத்திரையைத்தான் அதிகம் பார்ப்பார்கள். அரச குடும்பத்துக்குப் பொருள் கொடுத்த நிறுவனம் என்பதால் ராட்ஜர்ஸ் கத்திகளில் அரசரின் எழுத்தும் இருக்கும். வி.ஆர். என்றால் விக்டோரியா காலம், ஜி.ஆர். என்றால் ஜார்ஜ் காலம். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் அநேகமாக 1890க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா அந்த ஆண்டில்தான் சட்டம் போட்டது. ஒரு பெயர் தெளிவாக இருந்தால் விலை ஏறும், தேய்ந்திருந்தால் இறங்கும். இதே நிறுவனம் 1822இல் 1822 அலகுகளோடு ஒரு கத்தி செய்து வைத்தது. அதை வைத்து யார் என்ன வெட்டுவது என்று கேட்காதீர்கள்.

வாங்கிய கத்தியைப் பையின் அடியில் துணி சுற்றி வைத்து நேராக வீட்டுக்கு வந்தேன். நியூ சவுத் வேல்ஸில் தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். ரயில் பேங்க்ஸ்டவுன் வழியாக வந்தது. அந்த ஊர்ப் பெயரில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

ஜோசப் பேங்க்ஸ் 1770இல் கேப்டன் குக்குடன் பாட்டனி விரிகுடாவில் இறங்கிய தாவரவியலாளர். பிறகு லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவரானார். அவருக்குப் பம்பாயிலிருந்து ஹெலெனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் 'வூட்ஸ்' என்னும் இந்திய எஃகுக் கட்டிகளை அனுப்பினார். கன்னடத்து உக்கு, நம் உருக்கு, இவற்றின் திரிபாக அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பார்கள். ஜார்ஜ் பியர்சன் அந்தக் கட்டிகளைச் சோதித்து 1795இல் கட்டுரை படித்தார். பேங்க்ஸ் கேட்டுக்கொண்டதற்காக, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவர் அதில் ஒரு துண்டை அடித்து என்ன செய்தார் தெரியுமா? வாள் அல்ல, ஒரு பேனாக்கத்தி. அது நல்ல கத்திகளுக்குச் சமமாக வெட்டியது.

ஸ்டோடார்ட் அறுவைக் கருவிகளும் செய்தவர். ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்திய எஃகே தனக்கு உயர்ந்தது என்று தன் கடை அட்டையிலேயே அச்சிட்டார். பிறகு மைக்கேல் ஃபாரடேயும் அவரும் சேர்ந்து, 1820இல் எஃகுக் கலவைகளைப் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். ஆனால் அந்த எஃகை உருக்கிய கொல்லர் யார் என்று எந்தத் தாளிலும் இல்லை.

அவர்கள் எப்படி உருக்கினார்கள் என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதிவைத்தார். கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கியவர் அவர். சேலத்து இரும்புத்தாதுதான் அதற்கு மூலப்பொருள். அங்கே நாட்டுக் கொல்லர்கள் இரும்பைத் துண்டாக்கி, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்கட்டையோடு மண் மூசையில் போடுவார்கள். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆவாரையையும் எருக்கையும் நாம் மருந்துச் செடியாகத்தான் அறிவோம். வேலியோரத்து எருக்கிலை எஃகு மூசைக்குள் போனதைப் படித்தபோது, இரவுப் பணி முடிந்த களைப்பு போய்விட்டது எனக்கு.

ஹீத் பிறகு ஷெஃபீல்டுக்குப் போனார். 1839இல் மாங்கனீசு சேர்த்து எஃகு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மலிவான இரும்பிலும் நல்ல எஃகு செய்யலாம் என்றானது, கத்தி விலை இறங்கியது. ஆனால் அவருடைய முகவரான அன்வின், அதே பலனை இன்னும் மலிவாகப் பெறும் வழி கண்டு, உரிமைத்தொகை கொடுக்க மறுத்தார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1855இல் ஹீத் தரப்பு தோற்றது. அதற்குள் ஹீத் வறுமையில் இறந்தும்விட்டார். ஊரே அவர் முறையால் சம்பாதித்தது.

என் கத்தி சேலத்து இரும்பு என்று சொல்ல வரவில்லை. ஷெஃபீல்ட் பெரும்பாலும் நம்பியது ஸ்வீடன் இரும்பை. எனக்கு உறுத்துவது வேறு. அறுவை அரங்கில் நான் தினமும் பிரிக்கும் ஸ்கால்பெல் உறையிலும் ஷெஃபீல்ட் என்றுதான் இருக்கிறது, 1932இல் தொடங்கிய ஸ்வான் மார்ட்டன் நிறுவனத்துடையது. நோயாளிக்குச் செலவான ஒவ்வொரு அலகையும் எண்ணிப் பதிவு செய்பவள் நான். பதிவேட்டில் ஏறாத அலகு என்றால் எனக்குத் தூக்கம் வராது.

அந்தச் சந்தைக்குத் திரும்ப வருகிறேன். அதே முதியவரின் தட்டில் இன்னொன்று கிடந்தது. மடக்கும் பிடி, ஒரு பக்கம் சிறு கத்தி, மறுபக்கம் கூரான ஊசி. 'துணி தைக்கும் கருவி? ஆசியா?' என்று சீட்டு. அது மடக்கெழுத்தாணி. உ.வே.சா. 'என் சரித்திரத்தில்' குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகை பிரித்துச் சொல்கிறார். கத்தி ஓலையை வாருவதற்கு, ஊசி எழுதுவதற்கு. எழுதுகோலும் அதற்கான கத்தியும் ஒரே பிடிக்குள். பேனாக்கத்தி என்ற பெயர் இதற்குத்தான் முழுதாகப் பொருந்தும்.

அன்று கையில் காசு போதவில்லை. முதியவரிடம் அது என்னவென்று விளக்கி, பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார், மிகவும் சந்தோஷப்பட்டார். அடுத்த மாதம் போனால், சீட்டில் 'மடக்கு எலுத்தானி, தமிழ் எழுத்தாளர் கத்தி' என்று பெரிதாக எழுதி விலையை இரண்டு மடங்காக்கியிருந்தார். பேரம் பேச எனக்கு வாயில்லை. சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.