சாயாத கோபுரக் கோடுகள்: ஒரு வில்லையின் வரலாறு

ஆண்டுதோறும் மே 26 வரும்போது திருக்காளத்தியின் நினைவு எழும். கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய ஏழுநிலை இராசகோபுரம், 2010ஆம் ஆண்டு அந்நாளில்தான் இடிந்து விழுந்தது. அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. புதிய கோபுரம் எழுந்து 2017இல் குடமுழுக்கும் நிறைவுற்றது. ஆயினும் பழைய கோபுரத்தின் நிலைகள் ஒன்றன்மேல் ஒன்று எவ்விகிதத்தில் குறுகின, சுதை வேலை எவ்வாறு அமைந்திருந்தது என்று அறிய விரும்புவோர் பெரிதும் ஒளிப்படங்களையே நம்ப வேண்டியுள்ளது.

அப்படங்களைத் திரட்டத் தொடங்கியபோதுதான் ஒரு குறையை உணர்ந்தேன். பெரும்பாலானவற்றில் கோபுரம் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கிறது. கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்ததன் விளைவு அது. இயல்பாகவே மேலே குறுகும் கோபுரம், படத்தில் இன்னும் குறுகிவிடுகிறது. எவ்வளவு குறுக்கம் சிற்பியுடையது, எவ்வளவு கேமராவுடையது என்று ஒற்றைப் படத்தைக் கொண்டு பிரித்தறிவது கடினம்.

சில வாரங்களுக்கு முன் திருப்பதியில் இளம் ஆய்வாளர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, நிக்கான், கேனன், சோனி, இவற்றுள் எதில் லென்ஸ்கள் அதிகம்?" கோயில்களை ஆவணப்படுத்தக் கேமரா வாங்கவிருக்கிறார். எண்ணிக்கையைச் சொல்வது எளிது. ஆனால் கோபுரம் படமெடுப்பவருக்கு அவ்வெண்ணிக்கை பயன்படாது. அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

கேமராவைச் செங்குத்தாக வைத்தால் கோபுரக் கோடுகள் சாயா. ஆனால் உச்சி படத்துக்கு வெளியே போய்விடும். கண்ணாடித் தகடுகளில் படமெடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டினர் இதற்கு வழி கண்டிருந்தனர். துருத்திக் கேமராவின் முன்பலகையோடு வில்லையை மேலே உயர்த்துவர். பின்தகடு அசையாமல் செங்குத்தாக நிற்கும். கைக்கு அடக்கமான 35 மி.மீ. சுருள்படக் கேமரா பரவியபோது, அந்த வசதி கைவிட்டுப் போயிற்று.

அதனை மீட்டுத் தந்தது நிக்கான். 1962இல் வெளிவந்த அதன் 35 மி.மீ. பிசி நிக்கார், தன் இடத்திலிருந்து 11 மி.மீ. நகரக்கூடியது. ஒரு கணக்கு இதை விளக்கும். கோபுரத்திலிருந்து 60 மீட்டர் தள்ளி, கேமராவைக் கிடைமட்டச் சட்டத்தில் நிறுத்துவோம். சாதாரண 35 மி.மீ. வில்லையில், வில்லையின் மட்டத்துக்கு மேல் சுமார் 20 மீட்டர் உயரமே அடங்கும். அதே வில்லையை 11 மி.மீ. உயர்த்தினால் சுமார் 39 மீட்டர் அடங்கும். கேமரா அண்ணாரவில்லை, கோடும் சாயவில்லை.

கேனன் 1973இல் தன் 35 மி.மீ. டிஎஸ் வில்லையை வெளியிட்டது. அது நகர்வதோடு சாயவும் செய்தது. ஒலிம்பஸ், பென்டாக்ஸ், மினோல்டா ஆகியவையும் இத்தகைய நகர்வு வில்லைகளைத் தம் வரிசையில் சேர்த்தன.

பிரிவு 1987இல் நேர்ந்தது. வில்லையையும் கேமராவையும் இணைக்கும் மவுண்ட்டைக் கேனன் அவ்வாண்டு முற்றிலும் மாற்றியது. பழைய எஃப்டி வில்லைகள் வைத்திருந்தோர் கைவிடப்பட்டனர். 1973இன் டிஎஸ் வில்லையும் அவற்றுள் ஒன்று. நிக்கானோ 1959இல் தொடங்கிய எஃப் மவுண்ட்டை விடவில்லை. 1962இன் பிசி நிக்காரை, சில வரம்புகளுடன், பிற்கால டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றிலும் பொருத்தலாம்.

இதைக் கொண்டு நிக்கானை வாழ்த்திக் கேனனைப் பழிப்பது அவசரத் தீர்ப்பாகும். கேனனின் புதிய மவுண்ட்டில் நெம்புகோல்கள் இல்லை. கட்டளைகள் மின்தொடர்பு வழியே செல்கின்றன. நகரும் வில்லையின் துவாரத்தை நெம்புகோலால் தானாக இயக்குவது கடினம். மின்சாரத்துக்கு அது எளிது. 1991இல் 24, 45, 90 மி.மீ. என மூன்று டிஎஸ்-இ வில்லைகளைக் கேனன் ஒருங்கே தந்தது அதனால்தான் இயன்றது. மின்துவாரமுடைய நகர்வு வில்லையை நிக்கான் 2008இல்தான் வெளியிட்டது. 2009இல் கேனனின் 17 மி.மீ. வந்தது, 12 மி.மீ. உயர்த்தினால், 30 மீட்டர் தொலைவிலிருந்தே சுமார் 42 மீட்டர் உயரம் அடங்கும். தேரோடும் வீதியில் பின்வாங்க இடமின்றி நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும். நிக்கானின் 19 மி.மீ. 2016இல் வந்தது. சோனி எத்தனையோ வில்லைகளை வெளியிட்டும், இத்துறையைப் பிற நிறுவனங்களுக்கே விட்டுவைத்தது.

2018இல் நிக்கானும் கேனனும் கண்ணாடியில்லாக் கேமராக்களுக்கென மீண்டும் புதிய மவுண்ட்டுகளைக் கொணர்ந்தன. இம்முறை இரண்டுமே பழைய வில்லைகளுக்கு இடைவளையம் தந்தன. 1987இன் பாடத்தைக் கேனனும் மறக்கவில்லை போலும்.

சாய்வைக் கணினியில் திருத்தலாமே என்பர். திருத்தலாம். ஆனால் இழுத்து விரிக்கப்படுவது படத்தின் மேற்பகுதி. மேல்நிலைச் சுதைகளின் நுட்பம் அங்கேதான் இருக்கிறது. பல கோணங்களில் எடுத்த, ஒன்றன்மேல் ஒன்று படியும் படங்கள் இருந்தால், சாய்ந்த படங்களிலிருந்தும் முப்பரிமாண உருவத்தை மீட்க இயலும். ஒன்றிரண்டே இருப்பின் இயலாது.

ஆகவே அந்த இளைஞருக்குச் சொன்ன விடை இது: உங்கள் வேலைக்கு வேண்டிய ஒரு வில்லை அந்த வரிசையில் உண்டா என்று பாருங்கள், அது மாட்டும் மவுண்ட் நிலைக்குமா என்று பாருங்கள், எஞ்சிய எண்ணிக்கையை விளம்பரத்துக்கு விட்டுவிடுங்கள். நகர்வு வில்லை விலை மிகுந்தது. வாங்க இயலாவிடில் தொலைவில் நின்று, கேமராவை மட்டமாக வைத்து, கீழ்ப்பாதியை வெட்டிவிடுங்கள். கோடு நேராகவே இருக்கும்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் ஆக்பா கிளிக் 3 போன்ற, வில்லையை மாற்றவே இயலாத கேமராக்களில் எடுத்த காளத்திப் பயணப் படங்கள் இருக்கக்கூடும். குடும்பத்தார் முன்னே நிற்க, பின்னே அந்தக் கோபுரம் சாய்ந்து தெரியும். 2010க்கு முற்பட்ட படம் எதுவாயினும், சாய்ந்திருந்தாலும், மங்கியிருந்தாலும், படியெடுத்து இங்கே பகிருங்கள். ஒரு படம் சொல்லாததை நூறு படங்கள் சேர்ந்து சொல்லக்கூடும்.