ஹைரெசிஸ் முதல் வேதப்புரட்டு வரை

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்தைத் திறந்தால் சதுசேயர் ‘சமயத்தார்’ என்று வருகிறார்கள். 24ஆம் அதிகாரத்தில் நசரேயர்களின் கூட்டம் ‘மதபேதம்’ ஆகிவிடுகிறது. கலாத்தியர் நிருபத்தில் மாம்சத்தின் கிரியைகளை பவுல் அடுக்கும் இடத்தில் ‘மார்க்கபேதங்கள்’. பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் ‘வேதப்புரட்டுகள்’. இந்த நான்கு இடத்திலும் கிரேக்க மூலத்தில் இருப்பது ஒரே சொல்தான்: ஹைரெசிஸ். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘ஹெரசி’ ஆனதும் இதுவே. சபைக்குள் இருந்துகொண்டே சபை சொல்லாததை நம்புகிறவனுக்கு வைத்த பெயர் இந்த வேரில் முளைத்தது.

மொழிபெயர்த்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல் வேதாகமத்துக்குள்ளேயே முகம் மாறிக்கொண்டுதான் போகிறது.

எடுத்துக்கொள்ளுதல், தேர்ந்துகொள்ளுதல் என்பதுதான் அதன் வேர்ப்பொருள். எபிரேய வேதத்தின் கிரேக்கப் பெயர்ப்பில், லேவியராகமம் 22ஆம் அதிகாரத்தில், ஒருவன் மனமுவந்து செலுத்தும் காணிக்கையைச் சொல்ல இந்தச் சொல்லே வருகிறது. பிறகு ஸ்டோயிக்கர், எபிக்கூரியர் போன்ற தத்துவ மரபுகளுக்கு அது பெயரானது. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் பரிசேயர், சதுசேயர், எஸ்ஸேனியர் ஆகிய மூவரையும் அந்தச் சொல்லால்தான் குறித்தார். அதில் பழிப்பு இல்லை. மணிமேகலை சமயக்கணக்கர்களிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாளே, அந்த ‘சமயம்’தான் இது. சதுசேயருக்கு ‘சமயத்தார்’ என்று போட்ட தமிழ்க் கை சரியாகவே போட்டிருக்கிறது.

செசரியாவில் தேசாதிபதி பேலிக்ஸின் முன் சொல் கசக்கத் தொடங்குகிறது. வழக்குரைக்க வந்த தெர்த்துல்லு, நசரேயரின் மதபேதத்துக்குத் தலைவன் என்று பவுலைக் குற்றம் சாட்டுகிறான். பவுல் பதில் சொல்லும்போது, தான் நடப்பது ‘மார்க்கம்’ என்றும், ‘மதபேதம்’ என்பது எதிராளிகள் இட்ட பெயர் என்றும் பிரித்துக் காட்டுகிறார். ஆக, முதலில் இந்தப் பெயரைச் சுமந்தவர்கள் கிறிஸ்தவர்களே. சபை வரலாற்றைப் பேசும் பிரசங்கங்களில் இதை நான் கேட்டதே இல்லை.

சுமந்தவர்கள் சுமத்துகிறவர்களாக மாற அதிக காலம் பிடிக்கவில்லை. 180ஐ ஒட்டி லியோன் நகர ஆயர் இரனேயு தவறான போதனைகளை மறுத்துப் பெருநூல் எழுதினார். 200ஐ ஒட்டி கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன் அந்தச் சொல்லின் கிரேக்க வேரையே கையில் எடுத்தார். ஹைரெசிஸ் என்றால் தேர்வு. அப்போஸ்தலர்களே தாங்களாகத் தேர்ந்து எதையும் போதிக்கவில்லை. அப்படியிருக்க உனக்கு ஏது தேர்வு என்பது அவர் வாதம். தேர்ந்துகொள்வதே குற்றமாகிவிட்டது. இதை எழுதிச் சில ஆண்டுகளில் அவரே மொந்தானியர் என்ற கூட்டத்தின் பக்கம் சாய்ந்தார். பெரும்பான்மைச் சபையின் கண்ணில் அதுவும் ஒரு ஹைரெசிஸ்தான்.

அதிகம் யோசிக்க வைப்பவர் ஒரிகன். அலெக்சாந்திரியாவில் வளர்ந்த அவர் கடைசியில் எல்லா ஆத்துமாக்களும் தேவனிடம் மீட்டுக்கொள்ளப்படும் என்ற நம்பிக்கைக்கு இடம் கொடுத்தார். அதற்காகச் சபையைவிட்டுப் போகவில்லை. தேக்கியுஸ் பேரரசனின் காலத்தில் கிறிஸ்துவுக்காகச் சித்திரவதைப்பட்டு, அதன்பின் சில ஆண்டுகளில் இறந்தார். ஏறக்குறைய 300 ஆண்டுகள் கழித்து, 553இல் கூடிய இரண்டாம் கான்ஸ்டான்டினோபிள் சங்கம் அவர் பெயரைச் சபிக்கப்பட்டவர் பட்டியலில் சேர்த்தது. அதே நம்பிக்கையை நாலாம் நூற்றாண்டில் வெளிப்படையாக எழுதிய நிஸ்ஸா நகரக் கிரகோரியார் இன்றும் புனிதர். ஒரே நினைப்பு ஒருவரைப் பட்டியலிலும் மற்றவரைப் பீடத்திலும் கொண்டுவைத்தது. கருத்தை மட்டும் எடைபோட்டுத்தான் இந்தப் பெயரை இட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெயருக்குப் பின்னால் அரசாங்கம் வந்து நின்றபோது உயிர் போனது. 380இல் தியோடோசியுஸ் ஒரே விசுவாசத்தை ரோமப் பேரரசின் சட்டமாக்கினான். சில ஆண்டுகளுக்குள் ஸ்பெயின் ஆயர் பிரிசில்லியனின் தலை திரியர் நகரில் வெட்டப்பட்டது. ஏட்டில் எழுதிய குற்றம் சூனியம். தூர் நகர மார்ட்டின் அவரைக் கொல்லவேண்டாம் என்று போராடிப் பார்த்தார்.

சபை சொல்லாததை நம்புகிறவனை ஜெர்மானியர் ‘கெட்சர்’ என்பார்கள். ‘கத்தார்’ என்ற கூட்டத்தின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். அந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் ‘தூயோர்’ என்று பொருள். தூயவன் எப்படி வசைச்சொல்லானான் என்பது தனிக் கதை.

தமிழுக்கு வந்த ஹைரெசிஸ், ‘தேர்வு’ என்ற பொருளை முழுக்க உதிர்த்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி லுத்தரன்களோடு மல்லுக்கு நின்ற வீரமாமுனிவர் ‘பேதகம் மறுத்தல்’ என்று நூலே எழுதினார். பேதகம் என்றால் வேறுபாடு, அதுவரை பரவாயில்லை. கத்தோலிக்கர் வழங்கிய ‘பதிதர்’ என்ற சொல்லுக்கு விழுந்தவர் என்று பொருள். ‘தப்பறை’ என்றால் பொய். புரொட்டஸ்டண்டுகளின் ‘வேதப்புரட்டன்’ இன்னும் ஒரு படி மேலே போய், மாறாக நம்புகிறவனை ஏமாற்றுக்காரன் ஆக்குகிறது. மனதார நம்பித் தவறுகிறவனுக்கும் காசுக்காகப் புரட்டுகிறவனுக்கும் ஒரே பெயர்.

சபைச் சட்டமே இவ்வளவு அவசரப்படவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 751ஆம் பிரிவு, திருமுழுக்குப் பெற்றவர் நம்பவேண்டிய உண்மையைப் பிடிவாதமாக மறுத்தாலோ பிடிவாதமாக ஐயுற்றாலோதான் இந்தக் குற்றம் என்கிறது. பிடிவாதம் இல்லையேல் குற்றமில்லை. வேதப்புரட்டன் என்ற சொல் வரும் தீத்து 3ஆம் அதிகாரமும், விலகுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை புத்திசொல்லச் சொல்கிறது. நித்திய நரகம் இருக்காது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து உட்காரும் மனிதருக்கு ‘வேதப்புரட்டு’ பொருந்தாத சொல். பெயர் சொல்லியே ஆகவேண்டுமென்றால் ‘மதபேதம்’ போதும். பவுல் மீது விழுந்ததும் அதுதான். புரட்டு என்பதைப் புரட்டுகிறவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கும் சபையில் குறைவில்லை.