நியூ ஹேவன் நகரின் இரு பள்ளிகள்
உணர்வறிவு கல்விக்குள் நுழைந்த வரலாறு

அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்னும் துறைமுக நகரம் ஒன்று உண்டு. யேல் பல்கலைக்கழகத்தால் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூரின் ஏழையர் பகுதியிலிருந்த தொடக்கப்பள்ளி ஒன்றில், 1968-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஒரு நாள், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் புதிதாகச் சேர்க்கப்பட்டான். வட கரோலினாவின் நாட்டுப்புறத்திலிருந்து வந்தவன். வேலைக்குச் செல்லும் அவசரத்தில் உறவினர் அவனைப் பள்ளியில் விட்டுச் சென்றார். வகுப்பில் அறிந்த முகம் ஒன்றுமில்லை. ஆசிரியையின் முகத்திலும் வரவேற்பின் குறி இல்லை. சிறுவன் அவர் காலில் ஓர் உதை உதைத்துவிட்டு வெளியே ஓடிவிட்டான்.

இத்தகைய சிறுவனைப் பள்ளிகள் எவ்வாறு நடத்தி வந்தன என்பதை ஆசிரியராயிருப்போருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தலைமையாசிரியர் அறை, தண்டனை, திரும்பி வந்ததும் சக மாணவரின் நகைப்பு, மீண்டும் ஓர் அடிதடி. முடிவில் 'முரடன்' என்ற பட்டம். அப்பள்ளியில் அன்று நடந்தது வேறு. ஆசிரியர்களும் உளநலத் துறையினரும் கூடி அமர்ந்து, பழகிய ஊரையும் உறவையும் விட்டு, முன்பின் அறியாத இடத்தில் தனியே நிறுத்தப்பட்ட ஒரு குழந்தைக்கு என்ன தோன்றியிருக்கும் என்று தம்மையே கேட்டுக்கொண்டனர். அச்சம் வந்தால் எதிர்ப்பது அல்லது ஓடுவது உயிர்களின் இயல்பு. அவன் இரண்டையும் செய்திருந்தான். அதன்பின் புதிதாய் வரும் பிள்ளையை வகுப்புக்கு முறையாக அறிமுகம் செய்வதும், நன்கு பழகிய மாணவன் ஒருவனைத் துணையாக அமர்த்துவதும் அப்பள்ளியின் வழக்கமாயின.

இக்கூட்டத்தின் பின்னணியில் இருந்தவர் ஜேம்ஸ் கோமர் என்னும் மருத்துவர். அவருடைய பணியைப் பேசுமுன், பள்ளிக்கூடம் என்பது தலையை மட்டும் அளக்கும் இடமாக எப்படி ஆயிற்று என்பதைச் சற்றுப் பார்த்தல் நலம்.

1904-இல் பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்தது. வழக்கமான வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனிக்கல்வி அளிப்பது நோக்கம். குழுவில் இருந்த ஆல்பிரட் பினே, தியோடர் சிமோன் என்னும் இளம் மருத்துவருடன் சேர்ந்து 1905-இல் 30 சிறு சோதனைகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். உதவி தேவைப்படும் பிள்ளை யார் என்று காண்பதற்கே அக்கோல். ஒருவனுடைய அறிவு பிறவியில் அமைந்த மாறாத அளவு என்போரை, 1909-இல் வெளியான தம் நூலில் பினே வன்மையாக மறுத்தார். தனி வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் பரிந்துரைத்த பயிற்சிகளுள் ஒன்று 'சிலை விளையாட்டு'. ஆசிரியர் குறி காட்டியதும் பிள்ளைகள் அசையாமல் சிலைபோல் நிற்க வேண்டும். மனத்தையும் உடலையும் அடக்கப் பழகாத பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது அவர் கருத்து. நுண்ணறிவுச் சோதனையின் தந்தை எனப்படுபவர், உணர்வுப் பயிற்சியையும் தொடங்கியவர்களுள் ஒருவர் என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி.

பினே 1911-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே ஜெர்மானியரான வில்லியம் ஸ்டேர்ன், மன வயதை உடல் வயதால் வகுத்து ஈவு காணும் முறையைச் சொன்னார். 1916-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து லூயி டெர்மன் அதனைத் தம் அளவுகோலில் ஏற்று அமெரிக்கப் பள்ளிகளெங்கும் பரப்பினார். கைகொடுக்கச் செய்த கோல், தரம் பிரிக்கும் கோலாயிற்று. இதற்கிடையே மறுப்புக் குரல்களும் எழாமலில்லை. தார்ண்டைக் 1920-இல் மனிதரோடு பழகும் அறிவைச் சமூக அறிவு எனத் தனியே பிரித்துரைத்தார். பள்ளிகள் அதனைச் செவிமடுத்ததாகத் தெரியவில்லை.

இனி கோமரிடம் வருவோம். அவர் 1934-இல் இந்தியானா மாநிலத்தின் கிழக்குச் சிக்காகோ என்னும் எஃகாலை நகரில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை எஃகாலைத் தொழிலாளி. தாய் பிறர் வீட்டில் வேலை செய்தவர். ஈராண்டுப் பள்ளிப் படிப்பும் நிரம்பாதவர். அத்தாயின் ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து 13 பட்டங்கள் பெற்றனர். ஆனால் கோமரை வாழ்நாள் முழுதும் வாட்டியது வேறொன்று. தொடக்கப்பள்ளியில் அவருடன் படித்த மூன்று கறுப்பின நண்பர்கள் அறிவில் அவருக்குச் சற்றும் குறைந்தவர் அல்லர். ஒருவர் குடியால் இளமையிலேயே இறந்தார். ஒருவர் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தார். ஒருவர் மனநோய் மருத்துவமனைகளுக்குச் செல்வதும் மீள்வதுமாக இருந்தார். ஒத்த அறிவினர் நால்வரில் ஒருவர் மட்டும் உயர்ந்தது ஏன்? நுண்ணறிவு ஈவு இதற்கு விடை சொல்லாது. தம் வீட்டில் கிடைத்த அன்பும் பேச்சும் ஒழுங்கும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று கோமர் எண்ணினார். வீட்டில் கிடைக்காததைப் பள்ளி தர முடியுமா என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

1968-இல் யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வு மையம், நகரின் பள்ளித் துறையுடன் சேர்ந்து மார்ட்டின் லூதர் கிங், பால்ட்வின் என்னும் இரு தொடக்கப்பள்ளிகளில் பணியைத் தொடங்கியது. பிள்ளைகளுள் ஏறத்தாழ அனைவரும் கறுப்பினத்தவர்; பெரும்பாலோர் ஏழையர். நகரின் 33 தொடக்கப்பள்ளிகளுள் இவ்விரண்டும் 32, 33-ஆம் இடங்களில் இருந்தன. முதலாண்டு பெருங்குழப்பமாகவே முடிந்தது. பெற்றோர் சினந்தெழுந்தனர், ஆசிரியர் மனம் சோர்ந்தனர். பல்கலைக்கழகத்து அறிஞர் வந்ததும் பள்ளி திருந்தியது என்று கதை எழுதுவோர் இந்த ஆண்டை விட்டுவிடுகின்றனர். ஈண்டு அதனைச் சொல்லிவிடுவதே முறை.

பின்னர்த் தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர், உளநலத் துறையினர் ஆகியோரைக் கொண்ட குழு ஒன்று பள்ளியை நடத்தத் தொடங்கியது. அக்குழு தனக்கென விதிகள் வகுத்துக்கொண்டது. நேர்ந்துவிட்ட தவற்றுக்கு யார் காரணம் என்று குற்றவாளி தேடுவதில்லை; வாக்கெடுத்து ஒரு சாராரைத் தோற்கடிப்பதில்லை; பேசி இணங்கியே முடிவெடுப்பது. பெற்றோர் சிலர் வகுப்பறைத் துணைவராயினர். பின்னாளில், நகரத் தலைவர் தேர்தலில் நின்ற வேட்பாளர்களுக்குப் பிள்ளைகளே அழைப்புக் கடிதம் எழுதினர். வந்தவர்களை வரவேற்று அமர்த்தி வினாக்கள் கேட்டனர். மொழிப்பாடமும் சமூகப்பாடமும் நன்னடையும் அந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கிவிட்டன. கட்டுரைப் பயிற்சிக்குத் தலைப்புத் தேடி அலையும் நம்மனோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இன்னொரு செய்தி. கல்வியாண்டு முடியும் தறுவாயில்தான் ஒரு குழந்தை முதன்முறையாகத் தன் ஆசிரியையை நோக்கிப் புன்னகைத்ததாம். ஓராண்டு முயன்று பெற்ற நம்பிக்கையை, அடுத்த வகுப்புக்கு மாற்றிக் கலைத்துவிடுவது தகுமா என்று அங்குள்ளோர் கேட்டனர். அதுமுதல் ஒரே ஆசிரியர் இரண்டு ஆண்டுகள் அதே பிள்ளைகளை நடத்தலானார். முதலாண்டில் சிறிதும் முன்னேறாத சில பிள்ளைகள், இரண்டாமாண்டில் இரண்டு ஆண்டுக்குரிய வளர்ச்சியைக் காட்டினர்.

இடையில் பால்ட்வின் பள்ளி விலகியது. பிரென்னன் பள்ளி அவ்விடத்தில் சேர்ந்தது. 1979-இல் மாணவர் தத்தம் வகுப்புக்குரிய தரத்தை எட்டினர். 1984-இல் கிங், பிரென்னன் பள்ளிகளின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத் தேர்வில் நகரிலேயே மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றனர். பதினாறு ஆண்டுகள் ஆயின என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் 'உணர்வறிவு' என்னும் சொல் கோமர் தொடங்கியபோது வழக்கில் இல்லை. அச்சொல்லுக்கு அறிவியல் இலக்கணம் வகுத்ததிலும் அதே நகருக்குப் பங்குண்டு. யேலில் பணியாற்றிய பீட்டர் சலோவியும், ஜான் மேயரும் 1990-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிதல், அவற்றைப் பிரித்துணர்தல், அவ்வறிவை எண்ணத்துக்கும் செயலுக்கும் வழிகாட்டியாகக் கொள்ளல் ஆகியவற்றை அவர்கள் உணர்வறிவு என்றனர். 1995-இல் இதழாளரான டேனியல் கோல்மன் எழுதிய நூல் அச்சொல்லை உலகெங்கும் கொண்டு சென்றது. வாழ்க்கை வெற்றியில் நுண்ணறிவு ஈவின் பங்கு நூற்றுக்கு 20 அளவே என்று அவர் எழுதியதைப் படித்தோர், எஞ்சிய 80-உம் உணர்வறிவே என்று தாமே முடிவு கட்டிக்கொண்டனர். அது பிழையான கணக்கென்று கோல்மனே பின்னர்த் திருத்த நேர்ந்தது. இன்றும் பயிலரங்க மேடைகளில் அந்த 80 உலவுகின்றது.

தமிழாசிரியருக்கு இவ்வாராய்ச்சி முற்றிலும் புதியதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நந்நான்கு என வகுக்கின்றது. அஃது இலக்கியம் பற்றியது, பள்ளியைப் பற்றியதன்று. ஆகவே உணர்வறிவை நாம் முன்பே கண்டுவிட்டோம் என்று பெருமை பேசுதல் தகாது. ஆயினும் மெய்ப்பாட்டைக் கண்டதும் அதன் நிலைக்களனைத் தேடும் பழக்கம் அவ்வியலைப் பயின்றவருக்கு எளிதில் வாய்க்கும். நியூ ஹேவன் சிறுவனிடம் புறத்தே தோன்றியது வெகுளி; உள்ளே இருந்தது அச்சம்.

1994-இல் இத்தகைய கல்வியைப் பரப்ப யேலிலேயே ஒரு கூட்டமைப்பு தோன்றியது. ஜோசப் டர்லக் முதலியோர் 2011-இல் 213 பள்ளித் திட்டங்களின் ஆய்வுகளைத் திரட்டி நோக்கினர். அவற்றில் அடங்கிய மாணவர் 2,70,034 பேர். திட்டத்தில் சேர்ந்தோரின் நடத்தையோடு பாட அடைவும் உயர்ந்திருந்தது. நூற்றுமான வரிசையில் 11 இடம் முன்னேற்றம். இதற்கு மாறான சான்றும் உண்டு. இங்கிலாந்து அரசு இவ்வகைத் திட்டத்தைத் தொடக்கப்பள்ளிகளில் 2005-இலும், இடைநிலைப்பள்ளிகளில் 2007-இலும் பரப்பியது. இடைநிலைப்பள்ளித் திட்டத்தை மதிப்பிட்டு 2010-இல் வெளியான அறிக்கை, மாணவரிடம் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை என்றது. ஒவ்வொரு பள்ளியும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என விட்டதும், போதிய பயிற்சியும் காலமும் அளிக்காததும் காரணங்களாகக் கூறப்பட்டன. கிங் பள்ளிக்கு ஆன காலத்தை எண்ணினால் இதில் வியப்பில்லை.

நம் வட்டாரத்திலும் தேர்வின் பிடி தளர்ந்து வருகின்றது. மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவருக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் அதே ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் பழைய மதிப்பெண் முறை மாறி, பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிடாத அடைவு நிலைகள் வந்தன. வெற்றிடமான அந்த இடத்தில் எது வந்து அமரும் என்பதுதான் என் கவலை. பிள்ளையின் பொறுமைக்கும் பரிவுக்கும் கட்டம் போட்டு மதிப்பெண் இடும் தாள்கள் வந்தால், பினேயின் கோலுக்கு நேர்ந்தது மறுமுறையும் நேரும்.

இது வீண் ஐயம் அன்று. சலோவியும் மேயரும் டேவிட் கருசோவுடன் சேர்ந்து 2002-இல் உணர்வறிவுத் தேர்வு ஒன்றை வெளியிட்டனர். 141 வினாக்கள் கொண்ட அத்தேர்வில் சராசரி எண் 100. நுண்ணறிவு ஈவுக்கும் அதுவே.