ஜீப் வண்டியும் மின்சாரம் திரும்பும் வழியும்



வரலாறு என்றவுடன் மன்னர்களின் பெயர்களும் போர்களின் ஆண்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாம் ஏறி இறங்கும் வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வண்டியில் நேரும் பழுதுக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், பழைய ஜீப் வண்டியில் நேரும் மின்சாரப் பழுது. இது பட்டறையில் பேச வேண்டிய பேச்சு ஆயிற்றே என்று சிலர் எண்ணலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் மாறிய நாளிலிருந்தே தொடங்குகிறேன்.

1990களில் நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். பொதுத்தேர்வு நாளன்று, வினாத்தாள் கட்டுகளைத் தேர்வு மையத்துக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டிருந்தது. வாடகைக்கு அமர்த்திய வண்டி ஒரு பழைய ஜீப். முதல்நாள் இரவு பெய்த மழையில் சாலை சேறாகிக் கிடந்தது. கட்டுகளை ஏற்றிய பின் ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். "டக்" என்று ஓர் ஓசை எழுந்தது, எஞ்சின் சுழலவில்லை. சேற்றில் நின்ற வண்டியைத் தள்ளவும் இயலவில்லை. தேர்வு தொடங்க ஒரு மணி நேரமே இருந்தது. இருநூறு பிள்ளைகள் அங்கே காத்திருப்பார்கள் என்ற நினைவு என் நெஞ்சை அழுத்தியது.

"பாட்டரி தீர்ந்துவிட்டது, வேறு பாட்டரி கொண்டுவாருங்கள்" என்று நான் ஆணையிட்டேன். அருகிலிருந்த லாரியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மீண்டும் அதே "டக்". அப்போது ஓட்டுநராகிய பெரியவர் முகப்பு விளக்குகளை எரியவிட்டு, என்னை வண்டியின் முன்னால் நிற்கச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார். விளக்குகள் சிறிதும் மங்கவில்லை. அவர் கீழே குனிந்து, எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் இணைக்கும் பின்னல் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். அதன் முனை சுட்டது. "சார், கரண்டு நல்லாத்தான் போகுது, திரும்பி வரத்தான் வழியில்லே" என்றார். திருகைக் கழற்றித் துருவைச் சுரண்டி மீண்டும் முடுக்கினார். எஞ்சின் உடனே இயங்கியது. வினாத்தாள்களும் உரிய நேரத்தில் சென்று சேர்ந்தன.

ஓம் விதியைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் எழுதியவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். எனினும் அன்று ஓம் விதியை அறிந்தவராக இருந்தவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. அவர் கூறிய அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் 150 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு நிற்கிறது என்பதைப் பின்னரே படித்து உணர்ந்தேன்.

1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்டா, இடையறாது மின்னோட்டம் தரும் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தார். 1827இல் ஜெர்மானியராகிய ஓம், மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை நூலாக வெளியிட்டார். ஓம் அப்போது கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பெருமை தரும் செய்தி. அந்நூலுக்கு அவர் நாட்டில் முதலில் நல்வரவு கிட்டவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கிய பின்னரே அவர் புகழ் பரவியது.

இனி, திரும்பும் வழியின் கதைக்கு வருவோம். மின்சாரம் ஒரு முனையில் புறப்பட்டு மறுமுனைக்குத் திரும்பினால்தான் மின்சுற்று நிறைவுபெறும். ஆகவே தொடக்ககாலத் தந்தி அமைப்புகளில் போவதற்கு ஒரு கம்பியும் வருவதற்கு ஒரு கம்பியும் தேவைப்பட்டன. 1838இல் மியூனிக் நகரைச் சேர்ந்த ஸ்டைன்ஹைல் என்பவர், திரும்பும் கம்பிக்குப் பதிலாகப் பூமியையே பயன்படுத்தலாம் என்று கண்டார். பல நூறு மைல் கம்பி மிச்சமாயிற்று. "எர்த்" என்று இன்றும் மெக்கானிக்குகள் சொல்கிறார்களே, அச்சொல்லின் பொருள் இதுதான். மோட்டார் வண்டியில் இருப்பது பூமியன்று. வண்டியின் இரும்பு உடல். பாட்டரியின் ஒரு முனையை அடிச்சட்டத்தில் இணைத்துவிட்டால், ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கம்பி போதும். திரும்பும் வழியாக இரும்பே அமையும்.

ஆனால் மிச்சப்படுத்திய கம்பிக்கு ஒரு விலை உண்டு. செம்புக் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது, அறுந்தால் கண்டுபிடித்துவிடலாம். இரும்பு உடலின் வழியோ கண்ணுக்குத் தெரியாதது. அதில் எத்தனையோ திருகுகள், எத்தனையோ இணைப்புகள். ஒவ்வொன்றிலும் மழைநீரும் துருவும் மெல்ல மெல்ல மின்தடையை வளர்க்கின்றன. வண்டி முதுமையடைய அடையப் பழுது இவ்விடங்களில் குடிகொள்கிறது.

காணாத பழுதை எவ்வாறு காண்பது? இதற்கும் தந்தியின் வரலாறே பாடம் சொல்கிறது. 1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதல் தந்திக் கம்பி இடப்பட்டது. செய்தி தெளிவாக வரவில்லை. பொறுப்பிலிருந்த ஒயிட்ஹவுஸ் என்பவர், மின்னழுத்தத்தைக் கூட்டினால் சரியாகும் என்று நம்பி, ஏறத்தாழ 2,000 வோல்ட்டைச் செலுத்தினார். முன்னரே குறையுடையதாயிருந்த அக்கம்பி சில வாரங்களிலேயே அறவே செயலிழந்தது. வில்லியம் தாம்சன் என்னும் அறிஞரோ, நுண்ணிய மின்னோட்டத்தையும் அளந்து காட்டும் கண்ணாடிக் கால்வனோமீட்டரை ஆக்கி, அளவீட்டின் வழியே சென்றார். 1866இல் நிலைத்த தொடர்பு ஏற்பட்டது. ஒருவர் வலிமையை நம்பினார்; மற்றவர் அளவை நம்பினார். பழுது நேர்ந்தவுடன் பெரிய பாட்டரியைத் தேடி ஓடிய நான், ஒயிட்ஹவுஸின் மாணவனாகவே நடந்துகொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மோட்டார் வண்டிகளில் முதலில் மின்சாரத்தின் பங்கு சிறிதே. எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றினார்கள்; அது எதிர்த்துச் சுழன்று மணிக்கட்டை முறித்ததும் உண்டு. பல வண்டிகளில் அசிட்டிலீன் வாயு விளக்குகளே எரிந்தன. அமெரிக்கப் பொறியாளர் கெட்டரிங் ஆக்கிய மின்சாரத் தொடக்கி, 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. தொடக்கி, விளக்கு, எரிபொருளைப் பற்றவைக்கும் பொறி ஆகிய மூன்றும் ஒரே மின்னமைப்பில் சேர்ந்தன. அன்றுதொட்டு வண்டியின் உயிர் பெட்ரோலில் பாதி, பாட்டரியில் பாதி என்றாயிற்று.

அடுத்து ஜீப். 1940இல் அமெரிக்க இராணுவம் சிறிய நாற்சக்கர இயக்க வண்டியொன்றைக் கேட்டது. பாண்டம் நிறுவனம் செப்டம்பரில் முதல் மாதிரியை ஒப்படைத்தது. 1941 முதல் வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் போர்க்காலத்தில் ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளை உருவாக்கின. அவற்றின் மின்னமைப்பு 6 வோல்ட். எதிர்முனை அடிச்சட்டத்தோடு இணைந்தது. அவ்வண்டிக்கென 1944இல் இராணுவம் வெளியிட்ட கையேட்டில் பழுது காணும் முறைக்கெனத் தனிப் பகுதியே இருந்தது. பழுதின் அறிகுறியைச் சொல்லி, அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக ஆராயச் செய்யும் முறை அது. பொறியியல் கல்லூரியை மிதித்தறியாத இளைஞர்கள் போர்முனையில் வண்டியைச் சீர்செய்ய இத்தகைய ஒழுங்கே துணைநின்றது.

6 வோல்ட்டின் இடர்ப்பாட்டை மாணவர்கள் ஒரு சிறு கணக்கால் அறியலாம். மொத்தம் 60 வாட் ஆற்றலுள்ள விளக்குகள் 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். துருப்பிடித்த இணைப்பு ஒன்றில் 0.1 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 10ஐ 0.1ஆல் பெருக்க, ஏறத்தாழ 1 வோல்ட் அங்கே இழப்பாகிறது. அதாவது ஆறில் ஒரு பங்கு. அதே ஆற்றலுள்ள விளக்குகள் 12 வோல்ட்டில் 5 ஆம்பியரே இழுக்கும். இழப்பு அரை வோல்ட். இருபத்து நான்கில் ஒரு பங்கு. அழுத்தம் இரட்டித்தால் இழப்பின் விகிதம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. 1950களில் அமெரிக்க வண்டிகள் 12 வோல்ட்டுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். 1950 முதல் 1952 வரை உருவான எம்-38 என்னும் இராணுவ ஜீப்பில் 24 வோல்ட் அமைப்பு, நீர் புகாத வகையில் பொருத்தப்பட்டது.

நம் நாட்டிலும் 1940களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து இணைக்கத் தொடங்கினர். வனத்துறை, காவல்துறை, மலைத்தோட்டங்கள் எனப் பல இடங்களிலும் ஜீப் பரவியது. அவ்வாறு பரவிய வண்டிகளோடு, பழுது காணும் கலையும் ஊர்தோறும் பட்டறைகளில் குருவிடமிருந்து சீடனுக்குச் சென்றது. அந்தப் பெரியவர் அக்கலையின் வாரிசு.

அவர் செய்ததை இப்போது அறிவு வழியில் ஆராய்வோம். எஞ்சின் ரப்பர்த் திண்டுகளின்மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே தொடக்கி மோட்டாருக்குச் செல்லும் பெரும் மின்னோட்டம் திரும்புவதற்கு அந்தப் பின்னல் பட்டை இன்றியமையாதது. பாட்டரி நலிந்திருந்தால் சாவியைத் திருப்பும்போது விளக்குகள் மங்கும். அவை மங்காமையால், பாட்டரி நலமே என்பதும், தொடக்கியின் வழியே போதிய மின்னோட்டம் ஓடவில்லை என்பதும் அவருக்கு விளங்கின. மின்தடை மிகுந்த இடத்தில் வெப்பம் தோன்றும். ஆதலால் கையால் தொட்டுப் பார்த்தார். ஊகித்தல், சோதித்தல், முடிவுகாணல் என்னும் அறிவியல் முறை மூன்று நிமிடங்களில் முடிந்தது.

வோல்ட்மீட்டர் இருந்தால் கையைச் சுட்டுக்கொள்ளவும் வேண்டாம். 12 வோல்ட் வண்டியில் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றை எஞ்சினின் துப்புரவான இரும்பிலும் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் ஏறத்தாழச் சுழியைக் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திரும்பும் வழியில் குறை உண்டு. மற்றோர் அறிகுறியும் சொல்வேன். பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்குவதும், திசைகாட்டும் விளக்கோடு வேறொரு விளக்கும் சேர்ந்து சிமிட்டுவதும் பேய் பிடித்ததன் அடையாளமல்ல. தன் வழி அடைபட்ட மின்சாரம் அண்டை விளக்கின் வழியே திரும்ப முயல்கிறது என்பதே பொருள்.

இரண்டு எச்சரிக்கைகளையும் மறவாதீர்கள். பாட்டரியைக் கழற்றும்போது அடிச்சட்டத்தோடு இணைந்த முனையையே முதலில் கழற்ற வேண்டும். இல்லையேல் ஸ்பானர் இரும்பு உடலைத் தொட்டுத் தீப்பொறி பறக்கும். பியூஸ் எரிந்துபோனால் அதைவிடத் தடித்த கம்பியைச் செருகுதல் கூடாது. பியூஸ் பழுதன்று, பழுதை அறிவிக்கும் காவலன். காவலனைக் கட்டிப்போட்டால் வீடு எரியும்.

காலம் மாறிவிட்டது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதுக் கார்களில் பழுதைக் குறியீடாகத் தெரிவிக்கும் பொதுவான கணிப்பொறி அமைப்பு கட்டாயமாயிற்று. இன்று நம் நாட்டு வண்டிகளிலும் அது உண்டு. ஆயினும் எர்த் இணைப்பில் துரு ஏறினால் அக்கணிப்பொறியும் பொய்யான அளவைப் பெற்று, குற்றமற்ற பாகத்தைக் குற்றவாளி என்று காட்டக்கூடும். குறியீட்டைப் படிக்கத் தெரிந்தவர் பலர். அதை வினவத் தெரிந்தவர் சிலர்.

மாணவ நண்பர்களே! அந்தத் தேர்வு நாளுக்குப் பிறகு நான் ஓம் விதியைக் கற்பித்தபோதெல்லாம், ஒரு பழைய பின்னல் பட்டையையும் துருப்பிடித்த திருகையும் வகுப்புக்கு எடுத்துச்சென்றேன். ஒரு விளக்கு எரியவில்லை எனில், விளக்கையும் பாட்டரியையும் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். மின்சாரம் திரும்பி வரும் வழியையும் கேளுங்கள். நான் கேட்க மறந்த அந்தக் கேள்வியைப் படிப்பில்லாத ஒரு பெரியவர் கேட்டார். அதனால்தான் அன்று இருநூறு பிள்ளைகள் காலத்தே தேர்வு எழுதினார்கள்.