கெகெகெ நோ கிதாரோ

ஜப்பானிய ஓவியர் மிசுகி ஷிகெரு (1922–2015) வரைந்த சித்திரக் கதையைத் தழுவித் தோயே நிறுவனம் தயாரித்த அனிமே தொடர். ஃபுஜி தொலைக்காட்சியில் 1968 ஜனவரி 3 அன்று தொடங்கியது. மனிதருக்கும் யோகாய்களுக்கும் இடையே மூளும் பூசல்களைத் தீர்த்துவைக்கும் கிதாரோ என்னும் ஒற்றைக்கண் சிறுவன் இதன் நாயகன். பேய், பூதம், மாய விலங்கு, உயிர்பெற்ற பழம்பொருள் ஆகிய அனைத்தையும் ஜப்பானிய நாட்டார் வழக்கு யோகாய் என்ற பெயரில் அடக்குகிறது.

தோற்றுவாய்

கருவுற்ற நிலையில் இறந்த பெண் புதைகுழியிலேயே பிள்ளை பெறுகிறாள். இரவுதோறும் ஆவியாகக் கடைக்கு வந்து பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிப் போகிறாள். ஜப்பானின் பல ஊர்களில் வழங்கும் கதை இது. கியோத்தோவில் இக்கதையோடு தொடர்புபடுத்தப்படும் பழைய கடை ஒன்று அந்த ஆவியின் பெயரிலேயே இன்றும் மிட்டாய் விற்கிறது.

இக்கதையின் சாயலில் 1930களில் மசாமி இதோ 'ஹகாபா கிதாரோ' என்ற கமிஷிபாய் எழுதினார். மிதிவண்டியில் மரச்சட்டம் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்று, படத்தாள்களை ஒவ்வொன்றாக உருவியபடி கதை சொல்லும் கலையே கமிஷிபாய். 1950களில் மிசுகியும் அதே பெயரில் கமிஷிபாய் வரைந்தார். இதோவின் ஒப்புதலோடுதான் வரைந்தார் என்பது பரவலான கூற்று. இருவரின் படத்தாள்களும் எஞ்சியதாகத் தெரியாததால், பழைய கதையில் எவ்வளவு மிசுகியிடம் தொடர்ந்தது என்பதை ஆய்வாளர்கள் உறுதியாகச் சொல்வதில்லை.

அச்சில்

1960இல் வாடகை நூலகங்களுக்கான சித்திரக் கதைப் புத்தகமாகக் கிதாரோ வெளிவந்தான். ஆவிக் குலத்தின் கடைசித் தம்பதியருக்குப் பிறக்கும் அவன் தாயின் புதைகுழியிலிருந்து தானே ஊர்ந்து வெளியே வருகிறான். நோயால் உடல் அழிந்துபோன தந்தை, மகனைக் காக்கும் ஆசையால் ஒற்றைக் கண்விழியாக மட்டும் உயிர் தரிக்கிறார். மெதாமா ஓயாஜி எனப்படும் இக்கண்விழித் தந்தைக்குச் சிறு கை கால்கள் உண்டு. மகனின் தலைமுடிக்குள் குடியிருப்பார். கிண்ணத்து வெந்நீரில் நீராடுவதே அவருடைய பெருவிருப்பம். ஊதியச் சிக்கலால் மிசுகி விலகியபோது, அதே பதிப்பகத்துக்காக வேறோர் ஓவியர் கதையைத் தொடர்ந்ததும் உண்டு. 1965 முதல் 'வார ஷோனென் மாகசின்' இதழில் வந்தது. முதலில் வரவேற்பு குறைவு, பிறகு மெல்ல வாசகர் பெருகினர்.

முதல் தொடர் (1968–1969)

'ஹகாபா' என்றால் கல்லறை நிலம். பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சிக்கு அப்பெயர் விளம்பரதாரர்களைத் தயங்கச் செய்ததால், 1967இல் கதையின் பெயரே 'கெகெகெ நோ கிதாரோ' என மாற்றப்பட்டது என்பர். கறுப்பு வெள்ளையில் 65 பகுதிகள் வந்தன. முதல் பகுதியில், கல்லறை நிலத்தில் கிடைத்த மட்டையால் ஒரு சிறுவன் பேஸ்பால் ஆட்டங்களில் தொடர்ந்து வெல்கிறான். மட்டை யோகாய்களுக்கு உரியது. அதைத் திருப்பிக் கேட்டு வரும் கிதாரோ ஆட்டத்துக்கு அழைக்க, நள்ளிரவில் சிறுவர் அணியும் யோகாய் அணியும் மோதுகின்றன. பந்தயப் பொருள் சிறுவர்களின் உயிர். அச்சமும் விளையாட்டும் கலந்த இந்தச் சுவையே தொடரின் அடையாளமாயிற்று.

கிதாரோவுக்குக் குரல் தந்தவர் மசாகோ நொசாவா. பின்னாளில் 'டிராகன் பால்' கோகுவாகப் புகழ்பெற்றவர். கண்விழித் தந்தையின் கீச்சுக்குரல் இசாமு தனோநாகாவுடையது. 2010இல் மறையும்வரை அப்பாத்திரம் பெரும்பாலும் அவரிடமே இருந்தது. தலைப்புப் பாடலை மிசுகியே எழுத, தாகு இசுமி இசையமைக்க, கசுவோ குமாகுரா பாடினார். பின்வந்த தொடர்கள் பலவும் பாடகரை மாற்றின, பாட்டை மாற்றவில்லை.

நாட்டார் வழக்கின் பங்கு

1776இல் தொரியாமா செகியென் வெளியிட்ட யோகாய்ப் படநூலும், நாட்டாரியல் அறிஞர் குனியோ யானகிதா 1930களின் இறுதியில் தொகுத்த யோகாய்ப் பெயர்ப் பட்டியலும் மிசுகியின் முதன்மைக் கருவூலங்கள். யானகிதாவின் குறிப்புகளில் பல ஓரிரு வரிகளே. கியூஷூவின் வட பகுதியில் இரவில் நடப்பவருக்கு முன்னே வழி திடீரெனச் சுவராக அடைபட்டால் அது நுரிகாபே. அதற்கு உருவம் சொல்லப்படவில்லை. கண்ணும் காலும் கொண்ட பெரும் பலகையாக அதை வரைந்தவர் மிசுகி. போர்க்காலத்தில் நியூ பிரிட்டன் தீவுக் காட்டில் தாமே நுரிகாபேயை எதிர்கொண்டதாக அவர் கூறியுள்ளார். அத்தீவில்தான் குண்டுவீச்சில் இடக்கையை இழந்தார். நாரா வட்டாரத்தில் மணலை வாரித் தூவும் கிழவியை யாரும் கண்டதில்லை என்பதே பழைய வழக்கு. தொடரில் அவளுக்கு முகம் கிடைத்தது. காகோஷிமாவின் பறக்கும் துணி இத்தான் மோமென் கிதாரோவின் ஊர்தியானது.

சில செய்திகள் விவாதத்துக்குரியவை. அழும் குழந்தையாகத் தோன்றித் தூக்கியவரை எடையால் அழுத்தும் கோநாகி ஜிஜி தொகுஷிமாவின் பொது வழக்கா, ஒரு சிற்றூரில் மட்டும் வழங்கியதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நுராரிஹியோன் யோகாய்களின் தலைவன் என்பதும் 20ஆம் நூற்றாண்டு நூல்களில் தோன்றிய கருத்தே எனப் பலர் கருதுகின்றனர்.

பிற்காலம்

இரண்டாம் தொடர் (1971–1972) வண்ணத்தில் வந்தது; கிதாரோ கதைகள் பெரும்பாலும் முன்பே எடுக்கப்பட்டுவிட்டதால் மிசுகியின் பிற கதைகளும் சேர்க்கப்பட்டன. மூன்றாவது 1985இலும் நான்காவது 1996இலும் ஐந்தாவது 2007இலும் தொடங்கின. வாடகை நூல்காலத்து இருண்ட கதை 2008இல் 'ஹகாபா கிதாரோ' என்ற பெயரில் தனியே அனிமே தொடரானது. ஆறாம் தொடரில் (2018–2020) நொசாவா கண்விழித் தந்தையாகக் குரல் தந்தார். கிதாரோ பிறப்பதற்கு முந்தைய கதையைச் சொல்லும் திரைப்படம் 2023இல் வெளிவந்தது. மிசுகி வளர்ந்த சகாய்மினாத்தோ நகரின் ஒரு வீதியில் யோகாய்களின் வெண்கலச் சிலைகள் நூற்றுக்கும் மேல் நிற்கின்றன.

மதிப்பீடு

ஓரூரின் இருட்டில் மட்டும் அறியப்பட்டிருந்த யோகாய்களை நாடே அறியச் செய்தது இத்தொடரின் சாதனை. அதே வேளையில் மிசுகி வரைந்த உருவமே தொன்மையானது என்ற எண்ணமும் பரவிவிட்டது. தொடரைப் பார்ப்போர் யானகிதாவின் பட்டியலையும் உடன் படிப்பது நல்லது. ஊர் சொன்னது எது, ஓவியர் சேர்த்தது எது என்பது அப்போதே விளங்கும்.