மரம்பிஜி ஆறு

மரம்பிஜி: ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் தலைநகர்ப் பகுதியிலும் பாயும் ஆறு, மர்ரே ஆற்றின் முக்கியத் துணையாறு. நீளம் ஏறத்தாழ 1,485 கி.மீ.

போக்கு: ஸ்னோயி மலைப்பகுதியில் தோன்றி, கான்பெராவின் மேற்கே வடக்கு நோக்கிச் சென்று, பின் மேற்கே திரும்புகிறது. குண்டகாய், வாகா வாகா, நரண்டேரா, ஹே, பால்ரனால்ட் ஆகிய ஊர்களைத் தொட்டு மர்ரேயில் கலக்கிறது. டூமட் ஆறு இதன் பெரிய துணையாறு. லாக்லன் ஆற்று நீர் பெருவெள்ளக் காலத்தில்தான் இதை எட்டும்.

வரலாறு: கரையோர நிலங்களில் விராஜுரி உள்ளிட்ட பழங்குடியினர் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். 1852இல் குண்டகாயைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, யாரி, ஜாக்கி ஜாக்கி முதலிய விராஜுரி வீரர்கள் படகுகளில் சென்று பலரை உயிருடன் மீட்டனர். அதன்பின் ஊர் மேட்டுநிலத்துக்கு மாற்றப்பட்டது.

பயன்கள்: பரின்ஜக் அணை நீரால் 1912 முதல் லீட்டன், கிரிஃபித் பகுதிகளில் பாசனம் நடக்கிறது. நெல், திராட்சை, ஆரஞ்சு, பருத்தி விளைகின்றன. ஆற்றின் தலைநீரில் பெரும்பகுதியை டான்டங்காரா அணை ஸ்னோயி நீர்மின் திட்டத்துக்குத் திருப்புகிறது.

சூழலியல்: மர்ரே காட் மீனுக்கும் நீர்ப்பறவைகளுக்கும் இந்த ஆறு வாழிடம். நீர் எடுப்பு மிகுந்ததால் கீழ்ப்பகுதிச் சதுப்புநிலங்கள் சுருங்கின. அவற்றைக் காக்கச் சுற்றுச்சூழலுக்கெனத் தனி நீர் ஒதுக்கீடு செய்யப்படுகிறது.