முள்ளைப் பார்த்த பெண்கள்

நம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் தாம்சன் சோதனை செய்யாதவர் யார்? கேதோடு கதிர்க் குழாயின் இருபுறமும் சட்டக் காந்தங்களை வைப்போம். பச்சைப் புள்ளி நகரும். ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியதோடு சரி. அந்த நகர்வின் பெரிய கதையை, வேலைக்குப் போன பிறகுதான் படித்தேன்.

இயற்கை யுரேனியத்தில் ஆயிரத்துக்கு ஏழு பங்குதான் யுரேனியம்-235. மீதி ஏறக்குறைய எல்லாமே 238. ரசாயன குணத்தில் இரண்டும் ஒன்றே; எடைதான் வேறு. அயனியாக்கி, ஒரே மின்னழுத்தத்தில் முடுக்கி, காந்தப்புலத்தில் விட்டால் இலேசானது சிறிய வட்டத்திலும் கனமானது பெரிய வட்டத்திலும் வளையும். அரைவட்டம் முடிகிற இடத்தில் தனித்தனிப் பெட்டியில் பிடித்துக்கொள்ளலாம். பெர்க்லியில் லாரன்ஸ் இதற்கென உருவாக்கிய கருவிதான் காலுட்ரான்.

அமெரிக்காவில் டென்னஸி மாநிலம் ஓக் ரிட்ஜில் 1943-ல் ஒய்-12 ஆலை எழுந்தது. போர்க்காலம், தாமிரத்துக்குத் தட்டுப்பாடு. அரசுக் கருவூலத்திலிருந்து சுமார் 13,300 டன் வெள்ளியைக் கடன் வாங்கிக் காந்தச் சுருளுக்குப் பயன்படுத்தினார்கள்! கடைசி வெள்ளி திரும்பியது 1970-ல்.

பேனல் முன் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்கள். முள் எல்லை தாண்டினால் குமிழைத் திருப்பு, அவ்வளவுதான் பயிற்சி. என்ன தயாராகிறது என்று கேட்கக் கூடாது. லாரன்ஸின் விஞ்ஞானிகளுக்கும் இவர்களுக்கும் ஓர் உற்பத்திப் போட்டி நடந்தது. ஜெயித்தது பெண்கள்தான்! முள் ஆடினால் விஞ்ஞானிகள் காரணம் தேடினார்கள். பெண்கள் சரிசெய்துவிட்டு அடுத்ததைப் பார்த்தார்கள்.

1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா. தாங்கள் செய்த வேலை என்னவென்று அவர்களில் பலருக்கு அதன் பிறகுதான் தெரிந்தது.

முதலில் படித்தபோது போட்டிக் கதைக்குச் சிரித்தேன். இப்போ சிரிப்பு வரவில்லை. நானும் ஷிப்டில் பேனல் முன் உட்கார்ந்தவன்தான். அலாரம் வந்தா ரீசெட் பண்ணு என்றார்கள். இரண்டு வருஷம் பண்ணினேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பாராட்டுகூடக் கிடைத்தது.

போருக்குப் பின், அதே ஆலையின் சில காலுட்ரான்கள் 1998 வரை மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் ஐசோடோப்புகளைப் பிரித்துத் தந்தன. இதய ஸ்கேனுக்கான மருந்துக்கு மூலமான தாலியம்-203 அவற்றில் ஒன்று. அதே காந்தம், அதே அரைவட்டம். பெட்டியில் எது விழணும் என்ற முடிவு மட்டும்தான் மாறியது.

தம்பி தங்கைகளே, பச்சைப் புள்ளி நகரும்போது ரீடிங் எடுங்க. கூடவே, இது எதுக்குன்னும் கேளுங்க. நான் கேட்காமல் விட்டது இன்னமும் உறுத்துகிறது.